மல்லாவி: ஓர் ஊரின் கணக்கு – 12: கூப்பன், நிவாரணம், பென்சன்

சென்ற இதழில் வவுனிக்குளத்து வாய்க்கால்களோடு நிறுத்தினோம். 1950களில் குளம் திருத்தப்பட்டு, காடு வெட்டிக் காணி பிரித்து, துணுக்காய்ப் பக்கம் புதிய குடும்பங்கள் வந்து இறங்கிய கதை அது. தண்ணீர் வந்த வழியைப் பார்த்தாயிற்று. இந்த முறை காசு வந்த வழி. வயல் தந்த காசை விட்டுவிடுவோம், அதற்குத் தனி அத்தியாயம் உண்டு. அரசாங்கம் கையில் தந்த காசு, அரிசி, முத்திரை, அட்டை இவை பற்றியே இன்று பேச்சு.

அரசாங்கக் காசு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது இரண்டு வெவ்வேறு வாசல்களால் வருவது. ஒன்று பென்சன். வேலை செய்தவருக்குச் சட்டப்படி வரவேண்டியது. மற்றது நிவாரணம். இல்லாதவர் என்று யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் வருவது. முதலாவதை வாங்குபவர் கதிரையில் இருந்து வாங்குவார், இரண்டாவதை வாங்குபவர் வரிசையில் நிற்பார். மல்லாவியில் பெரும்பாலானோர் கமக்காரர். அவர்களுக்கு இந்த இரண்டு வாசலில் எது என்பதை இலங்கை அரசாங்கம் இன்றுவரை தீர்மானிக்கவில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம்.

பென்சனில் இருந்து தொடங்குவோம், அதுதான் மூத்தது. இலங்கையின் அரச ஓய்வூதியம் இன்றும் 1901ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் எழுதிய ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்மேல்தான் நிற்கிறது. அதற்கும் மூன்று ஆண்டுகள் முந்தியது உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்குமான ஓய்வூதியக் கட்டளைச் சட்டம், 1898. உத்தியோகத்தர் தன் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. மனைவி பிள்ளைகளுக்கான நிதிக்கு மட்டும் மாதாமாதம் ஒரு வீதம் வெட்டப்படும். பத்து வருடச் சேவை இருந்தால் ஓய்வூதியத்துக்கு உரித்து. ஓய்வு பெறும்போது மொத்தமாக ஒரு தொகை, பிறகு சாகும்வரை மாதப்பணம், செத்த பிறகு துணைக்கு ஒரு பங்கு. இவ்வளவும் ஒரே வேலைக்கு.

யாழ்ப்பாணத்தில் 'கோழி மேய்ச்சாலும் கோர்ணமேந்தில மேய்க்கவேணும்' என்று சொன்னவர்கள் சம்பளத்தை மட்டும் எண்ணிச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்துக்குப் பின்னால் வந்த ஓய்வூதியத்தையும், அதற்கும் பின்னால் விதவைக்கு வந்த பணத்தையும் சேர்த்து எண்ணித்தான் சொன்னார்கள். சீதனப் பேச்சில் இந்தக் கணக்கு எவ்வளவு இடம்பிடித்தது என்பது வேறு கதை. வன்னிக்கு இந்தக் கணக்கு ஆசிரியர்களோடும், தபாற்காரரோடும், நீர்ப்பாசனத் திணைக்களத்தாரோடும், மாங்குளம் றெயில்வே ஸ்ரேசன்காரரோடும் வந்தது. 1963இல் பழைய விதானைமுறை போய்க் கிராம சேவகர் வந்த பிறகு ஊருக்குள்ளேயே பென்சன் உள்ள ஓர் ஆள் இருக்கத் தொடங்கினார். மற்றவர்களெல்லாம் மண்வெட்டியோடு.

தனியார் துறையில் வேலை பார்த்தவருக்கு 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. இன்று தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980இல் ஊழியர் நம்பிக்கை நிதிக்காக முதலாளியிடமிருந்து இன்னொரு 3 வீதம். இது பென்சன் அல்ல, ஒரே தடவையில் எடுத்து வீட்டுக் கூரைக்கோ மகளின் கலியாணத்துக்கோ போய்விடுகிற பணம். 1977க்குப் பின் மலையகத்தில் அடிவாங்கி வன்னிக்கு வந்த குடும்பங்கள் தோட்டத்தில் உழைத்த காலத்துச் சேமலாப நிதியைத் தவிர இந்தத் தரப்பில் மல்லாவிக்குப் பெரிய பங்கில்லை. வயலில் கூலிக்கு நாற்று நட்டவருக்கு யார் முதலாளி, யார் 12 வீதம் கட்டுவது?

இனிக் கூப்பன். 1942இல், யப்பானியர் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோது, அரிசிப் பங்கீடு தொடங்கியது. யுத்தம் முடிந்தும் அது போகவில்லை. ஆளுக்கொரு கூப்பன் புத்தகம், வாரத்துக்கு இத்தனை கொத்து அரிசி, சங்கக்கடையில் முத்திரையைக் கிழித்துக் கொடுத்தால் கிடைக்கும். ஏழை பணக்காரன் பேதமில்லை. இலங்கையில் ஓர் அரசாங்கம் மக்களுக்குச் செய்த செலவுகளில் மக்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான் என்பேன். அதில் கைவைத்த டட்லி சேனநாயக்கவுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1953இல் கொத்து 25 சதமாக இருந்த கூப்பன் அரிசியை 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய்க் கூடவேண்டி வந்தது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அரசாங்கமும் அரிசி விலையைத் தொட முன் இரண்டு தரம் யோசித்தது. டட்லியே 1966 டிசெம்பரில், இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கி, அந்த ஒரு கொத்தை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தார். 1970இல் சிறிமாவோ இரண்டாவது கொத்தைத் திரும்பத் தந்தார், 75 சதத்துக்கு.

துணுக்காய்க் கமக்காரனுக்கு இந்தக் கூப்பன் அரிசி ஒரு வினோதமான கொடுப்பனவு. அவன் விளைவித்த நெல்லை அரசாங்கம் உத்தரவாத விலைக்கு வாங்கியது, 1950களில் புசலுக்கு 12 ரூபா, 1967இலிருந்து 14. கொடுத்த இடம் கூட்டுறவுச் சங்கம். அதே சங்கத்தின் கடையில், வெளிநாட்டிலிருந்து வந்த அரிசியை அதைவிடக் குறைந்த விலைக்குக் கூப்பனுக்கு வாங்கினான். விற்கும்போதும் மானியம், வாங்கும்போதும் மானியம். பொருளியல் படித்தவர்கள் இதை வீண்செலவு என்று எழுதினார்கள். காடு வெட்டி வந்து முதல் இரண்டு போகம் பன்றியும் யானையும் தின்றுபோன குடியேற்றக்காரனைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பான். விளையாத வருடத்திலும் சங்கக்கடை திறந்திருந்தது.

இந்தக் காலத்தில் வேறு ஒரு சின்னப் பணமும் ஊருக்குள் வந்தது. 1939இல் கொழும்பு, கண்டி, காலி நகரங்களுக்கு மட்டுமாக ஒரு வறியோர் சட்டம் இருந்தது, வன்னிக்கு அது எட்டவில்லை. ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான ஆணைக்குழு 1947இல் அறிக்கை தந்து, 1948 பெப்ரவரியில் சமூக சேவைகள் திணைக்களம் உருவான பிறகுதான் நாடு முழுவதற்கும் பொதுசன மாதாந்த உதவிப்பணம் என்று ஒன்று ஒழுங்கானது. பிள்ளைகளற்ற கிழவி, கணவன் விட்டுப்போனவள், நோயாளி ஆகியோருக்கு. உப தபாற்கந்தோரில் எடுப்பார்கள். வடக்கில் சனம் அதற்கு வைத்த பெயர் 'பிச்சைச் சம்பளம்'. சம்பளம் என்ற சொல்லோடு அந்த முன்னொட்டையும் ஒட்டிவிட்ட ஊர், அதை வாங்கப் போனவளை எப்படிப் பார்த்திருக்கும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 13ஆவது திருத்தத்தோடு இது மாகாணசபைகளின் கைக்குப் போனது. பின்னாளில் மாதம் 250 ரூபாவுக்கும் 500 ரூபாவுக்கும் இடையில் கிடந்தது. அதை எடுக்கப் போகிற பஸ் காசைக் கழித்தால் மிச்சம் என்ன?

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன வந்ததும் கதை மாறியது. 1978 தொடக்கத்தில் கூப்பன் அரிசி மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. எல்லோருக்கும் என்பது போய், இல்லாதவருக்கு மட்டும் என்பது வந்த நாள் அது. 300 ரூபாவுக்குக் குறைவு என்று யார் சொல்வது? குடும்பத் தலைவர் தானே எழுதிக் கொடுக்க, ஜீ.எஸ். எனப்பட்ட கிராம சேவகர் பார்த்து ஒப்பமிட வேண்டும். ஜீ.எஸ்ஸின் பேனாவுக்கு வயிறு காத்திருக்கிற பழக்கம் இங்கேதான் தொடங்கியது. 1979 செப்டெம்பரில் அரிசியும் போய் உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் 20, அதற்கு மேற்பட்டவருக்கு 15, குடும்பத்துக்கு மண்ணெண்ணெய் முத்திரை 9 ரூபா 50 சதம். தொகை ரூபாவில் நின்றது, விலைவாசி நிற்கவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் முத்திரையின் பெறுமதி பாதியாயிற்று. 1980 மார்ச்சில் பதிவையும் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு முத்திரை இல்லை.

ரூபாவில் ஒரு தொகையை எழுதிவைத்துவிட்டு விலை ஏறும்வரை காத்திருப்பது, அதாவது வெட்டாமலே வெட்டுவது. இந்த வித்தையை இதற்குப் பிறகு வந்த எல்லா அரசாங்கங்களும் கற்றுக்கொண்டன. வாசகர் இதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சக் கதை தானாக விளங்கும்.

1987இல் கமக்காரருக்கு ஓய்வூதியம் என்று ஒரு சட்டம் வந்தது. 12ஆம் இலக்கக் கமக்காரர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டச் சட்டம். நல்ல சட்டம்தான். 18 முதல் 59 வயதுவரை உள்ளவர் சேரலாம், சேரும் வயதுக்கேற்பத் தவணைப்பணம் கட்டலாம், 60 வயதிலிருந்து சாகும்வரை மாதப்பணம். அரசாங்க உத்தியோகத்தனுக்கு 1901இல் தந்ததைக் கமக்காரனுக்கு 86 வருடம் கழித்துத் தர யோசித்தார்கள், அதுவும் அவனே தவணை கட்டினால். மீனவருக்கு 1990இல் இதே மாதிரி ஒன்று, சுயதொழில் செய்வோருக்கு 1996இல் சமூகப் பாதுகாப்புச் சபை. வெளியுலகத்தோடு ஒப்பிட்டால் பிந்தித்தான். ஜேர்மனி 1889இலேயே தொழிலாளருக்கு முதுமை ஓய்வூதியம் கொண்டுவந்தது. பிரித்தானியா 1908இல் இயற்றிய சட்டத்தால் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஏழைகளுக்கு வாரம் ஐந்து சிலிங் கொடுத்தது, ஒரு சதமும் கட்டச் சொல்லாமல். கடல் கடந்து பார்த்தால் அன்றைய சென்னை மாநிலம் 1962இல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபா கொடுக்கத் தொடங்கியது.

1987இல் வடக்கில் வேறு விடயங்கள் நடந்துகொண்டிருந்தன. யூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், ஒக்டோபரில் இந்தியப் படையோடு யுத்தம். பிரேமதாசவின் வறுமை ஒழிப்புத் திட்டமான சனசவிய 1989இல் தெற்கில் தொடங்கியது. குடும்பத்துக்கு மாதம் 2500 ரூபா பெறுமதி, அதில் 1458 சாப்பாட்டுக்கு, 1042 சேமிப்புக்கு, 24 மாதம். பிரதேசம் பிரதேசமாகத் தெரிந்து சுற்றுச்சுற்றாகக் கொடுத்தார்கள். 1990 யூனில் மீண்டும் யுத்தம் மூண்டது. அந்தத் திகதியிலிருந்து வன்னியின் கொடுப்பனவு வரலாறு தெற்கின் தடத்தை விட்டு விலகிவிட்டது. 1995இல் சந்திரிகா அரசாங்கம் 30ஆம் இலக்கச் சட்டத்தால் அதன் இடத்தில் சமுர்த்தி நிவாரணத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த மல்லாவியில் அந்தச் சொல் பத்திரிகையில் படிக்கிற சொல்லாக மட்டும் இருந்தது.

இங்கே வந்தது நிவாரணம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. பல்லாயிரம் பேர் கிளாலியால் வன்னிக்கு வந்தார்கள். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி படையினரிடம் போனதும் அங்கிருந்தவர்களும் மேற்கே நகர்ந்தார்கள். அதுவரை சந்தியும் சில கடைகளுமாக இருந்த மல்லாவி பட்டினமாயிற்று. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் இங்கே அலுவலகம் வைத்தது, எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்தது. மரத்தடியில் பள்ளிக்கூடம், கொட்டில் வீடுகள், சைக்கிளில் கட்டிய மண்ணெண்ணெய்க் கலன், எண்ணெய் இல்லாமல் ஓடாத மோட்டார் சைக்கிள். பொருளாதாரத் தடைக்காலம்.

உலர் உணவு நிவாரணம் அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகத்தின் பொறுப்பு. பொருள் கூட்டுறவுச் சங்கத்தினூடாக வரும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1260 ரூபா பெறுமதி, தனியாளுக்கு 336. இந்த 1260 வருடக்கணக்கில் அசையாமல் நின்றது. இறக்குமதி விலையும் பாதைச் செலவும் ஏற ஏற, 1260 ரூபாவுக்கு நிறுக்கக்கூடிய அரிசியும் மாவும் குறைந்துகொண்டே போயின. சங்கக்கடை முன்னால் காலையிலேயே அட்டைகளைக் கல்லுக்கு அடியில் வரிசையாக வைத்துவிட்டு மரநிழலில் இருப்பார்கள். லொறி வவுனியாவிலிருந்து வந்தால்தான் நிறுவை தொடங்கும். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. சீனி வந்த மாதம் நல்ல மாதம். மனேச்சர் அட்டையில் கட்டத்துக்குள் ஒரு கீறல் போட்டு ஒப்பம் வைப்பார். மாப்பையைக் கழுவித் தைத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பையாக்கியவர்களும் உண்டு.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. கச்சேரியும் பிரதேச செயலகமும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் அரசாங்கக் கணக்கில்தான் இயங்கின. ஆசிரியரின் சம்பளமும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பென்சனும் கொழும்பிலிருந்துதான் வந்தன. பிந்தி வரும், பாதை பூட்டினால் நிற்கும், ஆனால் வரும். படையினரின் ஜயசிக்குறு நடவடிக்கையில் ஏ-9 வீதி ஒன்றரை வருடம் எரிந்துகொண்டிருந்தபோதும் அந்த உரித்து அறுந்துபோகவில்லை. யாரோடு யுத்தமோ அந்த மண்ணில் வாழ்கிற ஓய்வூதியருக்கு அரசாங்கம் பணம் அனுப்பியது, 1901 குறிப்பில் அவர் பெயருக்கு ஓர் இலக்கம் இருந்ததால். அடுத்த வீட்டுக் கமக்காரனுக்கு 1260 ரூபா அட்டை மட்டும். ஒரே ஷெல்லுக்கு இருவரும் ஒரே பதுங்குகுழிக்குள்தான் இருந்தார்கள்.

சுனாமிக் கொடுப்பனவைப் பற்றி இரண்டு வரி போதும். 2005இல் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 5000 ரூபாவும் ஆளுக்கு வாரம் 375 ரூபா பெறுமதியான உதவியும் வந்தன. முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு அது உயிர்நாடி. மல்லாவி உள்நாடு, இங்கே அது உறவினர் வீட்டுச் செய்தி.

2006 ஓகஸ்டில் ஏ-9 மூடியது. 2008 செப்டெம்பர் தொடக்கத்தில் மல்லாவி படையினரிடம் போனபோது ஊர் வெறுமையாக இருந்தது. சனம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அந்த மாதம் ஐ.நா. நிறுவனங்களும் வன்னியைவிட்டு வெளியேற, ஒக்டோபரிலிருந்து உலக உணவுத் திட்டத்தின் லொறித் தொடரணிகளே நிவாரணம். பிறகு அவையும் நின்றன.

அந்த எட்டு மாத நடையில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பையைக் காவியது. சட்டிபானையை விட்டவர்கள் அதை விடவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை, நிவாரண அட்டை, வங்கிப் புத்தகம், ஓய்வூதியக் கடிதம். பொலித்தீனில் சுற்றி, அதன்மேல் மாப்பையில் கட்டி, பங்கருக்குள் தலைமாட்டில் வைத்துப் படுத்தார்கள். முள்ளிவாய்க்காலில் பையைத் தொலைத்தவர்களுக்கு 2009 மே மாதத்துக்குப் பிறகு வேறு ஒரு யுத்தம் தொடங்கியது. ஓய்வூதியர் உயிரோடிருக்கிறார் என்று ஆண்டுதோறும் ஜீ.எஸ். சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஜீ.எஸ்ஸே செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் வேறு வலயத்தில் இருந்தால்? கணவன் இறந்ததற்கு மரணச் சான்றிதழ் இல்லாமல் விதவை ஓய்வூதியத்துக்கு எழுத முடியாது. செத்ததைக் கண்ட சாட்சியும் சிலருக்கு உயிரோடில்லை. முகாமுக்குள் வங்கிகள் கிளை திறந்து சேவை செய்தன. கட்ட ஏதாவது வைத்திருந்தவர்களுக்கு அது உதவியது.

2009 ஒக்டோபரில் முல்லைத்தீவு மாவட்டத்தில் முதலில் மீள்குடியேறியவற்றில் துணுக்காய்ப் பிரதேசமும் ஒன்று. அகதிகள் உயர் ஆணையத்தின் 25,000 ரூபா, அதில் 5000 கையில், மிச்சம் வங்கியில். கொஞ்சம் கூரைத்தகரம், ஆறு மாத உலர் உணவு. 2012இலிருந்து இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 5,50,000 ரூபா. அந்த வருடத்துக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் வறுமை 28.8 வீதம், நாட்டுக்கு 6.7. இலங்கையிலேயே கூடியது.

சமுர்த்தி வடக்கில் ஆழக் கால்வைக்கிற நேரத்தில் கொழும்பில் அதை வாழ்வின் எழுச்சி என்ற புதிய திணைக்களத்துக்குள் கொண்டுபோகச் சட்டமூலம் வந்தது. மாகாணசபைகளின் இணக்கம் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். வடக்கில் சபையே அப்போது தெரிவாகியிருக்கவில்லை, ஆளுநர் இணங்கினார். 2013 சனவரியில் சட்டம் நிறைவேறியது. அதே மாதம் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஏழைக்குக் கொடுத்த சொற்பக் காசுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய அதிகாரப் போட்டி கிடந்தது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. வடமாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது அந்த வருடம் செப்டெம்பரில்தான்.

காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களின் கதை தனி. 2016 திருத்தத்துக்குப் பிறகு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர் காணாமற் போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம் என்றானது. 2019இல் அந்தச் சான்றிதழ் உள்ள குடும்பத்துக்கு மாதம் 6000 ரூபா இடைக்கால நிவாரணம் என்று அமைச்சரவை தீர்மானித்தது. பின்னர் அது ஒரு தடவைக்கான இரண்டு இலட்சமாகப் பேசப்பட்டது. முல்லைத்தீவில் 2017 மார்ச் 8 முதல் வீதியோரம் இருந்த தாய்மாரில் பலர் இந்தக் காசைத் தொடமாட்டோம் என்றார்கள். எடுத்தவர்களும் உண்டு, அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. அரசாங்கம் நீட்டிய காசை வேண்டாம் என்று இத்தனை பேர் தள்ளியது இந்த ஊர்களின் நீண்ட கணக்கில் இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

2022இல் நாடு முறிந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. முந்திய வருடம் இரசாயன உரத்தை நிறுத்தியதில் காலபோகம் படுத்துப்போயிருந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனோடு 2023 யூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் வந்தது. 2002இல் எழுதி அலுமாரியில் கிடந்த நலன்புரி நன்மைகள் சட்டம்தான் அதன் அடித்தளம். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 அளவுகோல். அதன்படி புள்ளி போட்டு நான்கு வகை. மிக வறியவருக்கு 15,000 ரூபா, வறியவருக்கு 8500, பாதிக்கப்படக்கூடியவருக்கு 5000, இடைநிலையில் உள்ளவருக்கு 2500. முதல் இரண்டும் 2025இல் 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்ந்தன. மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் தனிக் கொடுப்பனவு. எழுபது தாண்டிய வறிய முதியவருக்கு 2000, பிறகு 3000, 2025 ஏப்ரலிலிருந்து 5000.

சமுர்த்தியில் உத்தியோகத்தரின் கண் பார்த்தது. அஸ்வெசுமவில் கணினி பார்க்கிறது. கணினிக்கு உறவினர் இல்லை என்பது நல்லதுதான். ஆனால் இந்திய வீட்டுத்திட்டத்துச் சுவரைக் கல்வீடு என்று எண்ணுகிற அதற்கு, அந்த வீட்டுக்குள் தனித்திருக்கிற பெண்ணின் கணவன் எங்கே என்று கேட்கத் தெரியாது. 2023 யூன், யூலை மாதங்களில் நாடு முழுவதும் பிரதேச செயலகங்களில் மேன்முறையீட்டு வரிசை நின்றது, துணுக்காயும் விலக்கல்ல. பட்டியலில் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம், தகுதியில்லாதவர் சேர்க்கப்பட்டால் யாரும் ஆட்சேபனை எழுதலாம். அயலவரை எழுதிக் கொடுக்கிற அந்த இரண்டாவது வழி ஊருக்குள் என்ன செய்தது என்பதை இங்கே விரித்தால் வாசகர் கடிதம் குவியும்.

கமக்காரருக்கு வருவோம். 1987இல் இருபத்தைந்து வயதில் கமக்காரர் ஓய்வூதியத்தில் சேர்ந்த ஒருவருக்கு 60 வயதானது 2022இல். இடையில் 2012 அளவில் நிதி தீர்ந்து கொடுப்பனவே நின்றுபோனது, 2014இல் திறைசேரிப் பணத்தோடு மீண்டும் தொடங்கியது. ஆகக் குறைந்த தொகை மாதம் 1000 ரூபா. 2022இல் ஒரு கிலோ அரிசி 200 ரூபாவைத் தாண்டிவிட்டது. முப்பத்தைந்து வருடம் காத்திருந்த கமக்காரனின் மாதப் பென்சன் ஐந்து கிலோ அரிசிக்கும் காணாது. அவன் நெல் விளைவிப்பவன். அரச ஓய்வூதியருக்குக்கூட எல்லாம் சரியாகிவிடவில்லை, பழையவருக்கும் புதியவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்காக அவர்கள் வீதியில் நின்றார்கள். ஆனாலும் 2024 ஏப்ரலில் அவர்களின் வாழ்க்கைச் செலவுப்படி 2500 ரூபாவால் உயர்ந்தது. கேட்க ஓர் அமைப்பு இருந்தது, கொடுக்க ஓர் ஒழுங்கு இருந்தது. 1987 சட்டத்தில் விலைவாசியோடு தொகை ஏறுவதற்கு ஓர் ஏற்பாடும் இல்லை. உணவு முத்திரையை விழுங்கிய அதே வித்தை, இங்கே முப்பத்தைந்து வருடம் நின்று விழுங்கியது. எக்டேயருக்கு 25,000 ரூபா உரமானியம் வருகிறது, உண்மை. அது வயலுக்கு, வயதுக்கு அல்ல.

ஆகவே இந்த அத்தியாயத்துக்கான என் தீர்ப்பு இது. கமக்காரர் ஓய்வூதியத்தைக் காப்புறுதித் திட்டம் என்ற கணக்கிலிருந்து எடுத்து, விலைவாசியோடு ஏறுகிற உரித்தாக மாற்றாதவரை, மல்லாவியில் எழுபது வயதானவர் நிவாரண வரிசையில்தான் நிற்பார், வாழ்நாள் முழுக்க நெல் கொடுத்திருந்தாலும். கமநல சேவை நிலையத்தில் அறுபதுக்கு முன் சேர்ந்து தவணை கட்டியவர்கள் பற்றுச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். பெயர் பதிவில் இருந்தும் பணம் வராதவர்கள் அங்கேயே எழுத்தில் முறையிடலாம். அரசாங்க உத்தியோகத்தரின் துணையாக இருந்து, யுத்தத்தில் அவரை இழந்து, இன்னும் விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்காதவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அது நிவாரணம் அல்ல, அவர் சம்பளத்தில் வெட்டிக் கட்டிய பணம். பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பகுதியில் போய்க் கேளுங்கள்.

அடுத்த இதழில்: மல்லாவிச் சந்தி, கடைகள், கடன் கொப்பிகள்.